மூலம் சிதைந்தால் உரை என் செய்யும்?

கணினி கற்கும் மாணவரிடையே 'மர்மம்' என்ற சொல் இன்று பெருவழக்காகிவிட்டது. நேற்றுவரை பிழையின்றி இயங்கிய செய்நிரலைத் தொகுப்பான் இன்று ஏற்க மறுக்கின்றது. எழுதியவன் ஓர் எழுத்தையேனும் மாற்றவில்லை. ஆயினும் வழுச் செய்திகள் திரையிலே வந்து குவிகின்றன. உடனே 'மர்ம வழு' என்று பெயர் சூட்டப்படுகின்றது; அதனோடு ஆராய்ச்சியும் முடிந்துவிடுகின்றது. காரணம் அறியாத நோயைத் தெய்வக் குற்றமென்று ஒதுக்கிய பழைய மனப்பான்மைக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

உண்மை மிக எளியது. 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியை நோக்குக. அம்மொழியில் எழுதப்படும் செய்நிரல் தனித்து நிற்பதன்று. 'இன்குளூட்' என்னும் கட்டளையால் அது தலைப்புக் கோப்புகளைத் தன்னுள் அழைக்கின்றது. தொகுப்பு தொடங்குமுன் முன்செயலி அக்கோப்புகளின் வாசகத்தை அவ்விடத்திலேயே பெய்துவிடுகின்றது. மாணவன் எழுதியது இருபது வரியாயினும், தொகுப்பான் படிப்பது பல நூறு வரிகளை. அவற்றுள் ஒரு கட்டமைப்பின் இறுதியில் நிற்கவேண்டிய அரைப்புள்ளி ஒன்று அழிந்திருப்பின், தொகுப்பான் பலவேளை அதற்கு அடுத்து வரும் சொல்லிலேயே தடுமாறுகின்றது. குற்றமற்ற மாணவனின் வரியைக் குற்றவாளியாகக் காட்டுகின்றது. வன்தட்டின் பழுதாலோ, பிரதி செய்கையில் மின்சாரம் தடைப்பட்டமையாலோ தலைப்புக் கோப்பொன்று சிதையலாம். மர்மம் என்பதன் வரலாறு இவ்வளவே.

வழுவினும் கொடியது அதனை எதிர்கொள்ளும் முறை. மாணவர் சிலர் தம் வரிகளை மாற்றி மாற்றி எழுதி, சரியாயிருந்ததையும் கெடுத்துக்கொள்கின்றனர். வேறு சிலர் கணினியையே முற்றாகத் துடைத்து, யாவற்றையும் மீள நிறுவுகின்றனர். வழு மறைகின்றது; ஆனால் அறிவு பிறப்பதில்லை. கற்பிப்போரும் இதற்குப் பொறுப்பாளிகளே. 'உன் செய்நிரலைத் திருத்தி வா' என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பும் விரிவுரையாளர், தமிழ்மொழி மூலம் கற்று வந்த மாணவன் ஆங்கில வழுச் செய்தியின் முன் தன்னையே குற்றவாளியாக எண்ணிக் குன்றுவதை அறிவாரா? தான் செய்யாத பிழைக்குத் தலைகுனியப் பழகியவன், நாளை எந்த அதிகாரத்தின் முன் நிமிர்ந்து நின்று காரணம் கேட்பான்?

யாழ்ப்பாணத்து அறிவு மரபு இத்தகைய சோம்பலைக் கற்பிக்கவில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளிற் பொருள் விளங்காத இடம் வந்தபோது, புலவன் பிழைத்தான் என்று அவர் அமைந்துவிடவில்லை. வேறு பிரதிகளைத் தேடினார், ஒப்புநோக்கினார். பிழை பாடியவனுடையதா, படியெடுத்தவனுடையதா என்பதே பதிப்பாசிரியன் முதலில் எழுப்பவேண்டிய வினா.

சுவடியையும் கணினியையும் ஒப்பிடுவது பழம்பெருமை பேசுவதே எனச் சிலர் நகைக்கலாம். இங்கு பேசப்படுவது பெருமையன்று, முறை. வேற்றுமை ஒன்று உண்டு. அதுவும் இன்றைய மாணவனுக்கே சாதகமானது. அன்றைய பதிப்பாளருக்குப் பழுதற்ற மூல ஏடு கிட்டவேயில்லை. கணினி மாணவனுக்கோ அது கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. எனவே அவன் கூறும் சாக்கு இன்னும் வலுவற்றது.

செய்யவேண்டியவை சிலவே. குவிந்த செய்திகளுள் முதலாவதை முதலில் படித்தல் வேண்டும். ஏனையவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். எக்கோப்பு எதன் வழியே அழைக்கப்பட்டது என்று தொகுப்பானே கூறும் வரிகளைப் புறக்கணித்தலாகாது. ஐயத்துக்குரிய தலைப்புக் கோப்பை மட்டும் அழைக்கும் மூன்று வரிச் செய்நிரல் ஒன்றை எழுதிப் பார்த்தல் வேண்டும். அதுவும் தவறின், குற்றம் மாணவனின் வரிகளில் இல்லை என்பது உறுதி. அடுத்து, முன்செயலியின் வெளியீட்டைத் தனியே பெற்றுப் படித்தலும், அக்கோப்பை வேறொரு கணினியிலுள்ள நல்ல பிரதியோடு ஒப்பிடுதலும் வேண்டும். ஒரே பெயரில் இரு கோப்புகள் இருந்து, பழையது அழைக்கப்படுகின்றதா என்பதும் நோக்கற்பாலது. காரணம் தெளிந்த பின்னரே மாற்றுதல் முறை. கோப்பை மாற்றியவன் வன்தட்டையும் பரிசோதித்தல் வேண்டும். இல்லையேல் சிதைவு மீண்டும் வரும்.

'வழு' என்பது இலக்கண நூலாரின் சொல்; கணினித் தமிழ் அதனை அவர்களிடமிருந்தே பெற்றது. சொல்லைப் பெற்றவர்கள் முறையை ஏன் பெறவில்லை? திருநெல்வேலி வளாகத்திலே, கலைப்பீடத்திற் பாடபேதம் ஆராயும் மாணவனும் விஞ்ஞானபீடத்தில் வழுத் தேடும் மாணவனும் ஒரே தொழிலைச் செய்கின்றனர். ஆயினும் ஒருவரை ஒருவர் அறியார். இவ்விரு பீடங்களுக்கும் இடையே எழுந்துள்ள சுவரே உண்மையான மர்மம். அச்சுவர் இடிக்கப்படும் நாளில், 'மர்ம வழு' என்ற சொல்லும் நம் வழக்கிலிருந்து ஒழியும்.