ராணுவ டெண்டருக்கு விலை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணுவக் கருவிகளுக்கான மின்னணு உதிரிபாகங்களை விலை ஒன்றையே பார்த்து வாங்கும் போக்கைக் கண்டித்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓசூரில் சிறிய மின்னணு நிறுவனம் நடத்துகிறேன். இத்தகைய டெண்டர்களில் தொழில்நுட்ப உறை, விலை உறை என இரண்டு உண்டு. முதல் உறையில் தேறியவர்களில் குறைந்த விலை கேட்டவரே 'எல்-1', ஆர்டர் அவருக்குத்தான். சிக்கல் முதல் உறையிலேயே தொடங்குகிறது. அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரின் பில்லும் உற்பத்தியாளரின் சான்றிதழும் இணைப்பவரும், பல கை மாறி வந்த சரக்குக்குத் தன் லெட்டர்பேடிலேயே சான்று எழுதித் தரும் தரகரும் ஒன்றுபோலவே தேறிவிடுகிறார்கள். நான் கலந்துகொண்ட ஒரு டெண்டரில், ஓர் ஐ.சி. சிப்புக்கு உற்பத்தியாளர் விலைக்கும் கீழே கேட்டவருக்கே ஆர்டர் போனது. அந்த விலைக்கு அசல் சரக்கு எப்படிக் கிடைக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

போலி தயாராகும் விதம் எளிது. கழித்துப்போட்ட சர்க்யூட் போர்டைச் சூடாக்கி ஐ.சி.யைக் கழற்றுவார்கள். மேலுள்ள எழுத்தைத் தேய்த்தெடுத்து, கறுப்புப் பூச்சு கொடுத்து, புதிய எண்ணையும் தேதியையும் அச்சிடுவார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் சில பூச்சுகள் கரையும். மற்றவற்றைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே போன்ற ஆய்வகச் சோதனைகள் தேவை. மேசைமேல் ஒழுங்காக ஓடும் அந்த ஐ.சி., லடாக் குளிரிலோ ராஜஸ்தான் வெயிலிலோ கைவிட்டுவிடலாம்.

இது வீண் பயமல்ல. 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அமெரிக்க ராணுவக் கொள்முதலில் சுமார் 1,800 போலிச் சந்தேக நிகழ்வுகள் இருந்ததை அந்நாட்டு செனட்டின் ஆயுதப்படைக் குழு கண்டறிந்தது. சிக்கிய உதிரிபாகங்கள் 10 லட்சத்துக்கும் மேல். பி-8ஏ கடற்படை விமானமும் தப்பவில்லை. அதன் இந்திய வகையான பி-8ஐ நம் அரக்கோணம் தளத்திலிருந்து பறக்கிறது. போலியை மாற்றும் செலவு ஒப்பந்ததாரரையே சேரும் என அமெரிக்கா பிறகு சட்டம் இயற்றியது.

இங்கும் எச்சரிக்கைகள் வந்துவிட்டன. தனுஷ் பீரங்கிக்கு ஜெர்மன் தயாரிப்பு என்று சொல்லிச் சீன பேரிங்குகள் வழங்கப்பட்டதாக 2017இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. சீனப் பாகங்கள் காரணமாக 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்கள் 2025 தொடக்கத்தில் ரத்தாயின.

மக்கள் பணம் மிச்சமாக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், களத்தில் கருவி செயலிழந்தால் அந்த மிச்சத்துக்கு என்ன மதிப்பு? குறு, சிறு தொழில்களுக்கு 25 சதவீதக் கொள்முதல் இலக்கும் வைப்புத்தொகை விலக்கும் தந்திருக்கிறது மத்திய அரசு. போலிச் சரக்கின் விலையோடு மோத வேண்டியிருந்தால் நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு அச்சலுகைகளால் பயனில்லை.

எனவே பாதுகாப்பு அமைச்சகம் மூன்று விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும். உற்பத்தியாளரிடமிருந்து கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆவணம் இல்லாத ஏலதாரரின் விலை உறையைத் திறக்கவே கூடாது. உற்பத்தி நின்றுபோன பாகத்தை வெளிச்சந்தையில் வாங்க நேர்ந்தால், சுயேச்சையான ஆய்வகத்தில் அரசு செலவில் சோதிக்க வேண்டும். போலி என நிரூபணமானால், மாற்றும் முழுச் செலவையும் வழங்கியவரிடமே வசூலித்து, அவரை எல்லாப் பாதுகாப்பு டெண்டர்களிலிருந்தும் விலக்க வேண்டும்.

எல்லையில் நிற்கும் வீரர் தன் ரேடியோவைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. அதைச் சரிபார்ப்பது டெண்டர் விடுபவர்களின் கடமை.

இப்படிக்கு,
சிறுதொழில் முனைவோர் ஒருவர்,
ஓசூர்.