நிறுத்தாதே காமிராவை!

பேய்ப் படம் என்றால், "ஐயையோ, ராத்திரி விளக்கை அணைக்க முடியாதே!" என்று ஒதுங்குகிற சகோதரிகள் உண்டு. "சிவப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு பயமுறுத்த வந்துவிட்டார்கள்!" என்று அலட்சியமாகச் சிரிக்கிற சகோதரிகளும் உண்டு. இரண்டு கட்சியாருக்கும் பொதுவாக ஒரு படம் இருக்கிறது. ஜப்பானியப் படம். அதன் பெயருக்கு, 'காமிராவை நிறுத்தாதே!' என்று அர்த்தம். வெளிநாடுகளில் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' என்ற பெயரில் ஓடியது.

டைரக்டர் ஷினிசிரோ உயேதா. பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. நடித்தவர்கள் எல்லாம் டோக்கியோவில் ஒரு நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேர்ந்த, பேர் தெரியாத முகங்கள். செலவு சுமார் 30 லட்சம் யென். அன்றைய மதிப்பில் நம் பணம் 20 லட்ச ரூபாய்க்கும் குறைவு! 2017 நவம்பரில் டோக்கியோவில் ஒரு சின்ன அரங்கில் ஆறே நாள் காட்டினார்கள். 2018 ஜூனில் இரண்டு தியேட்டர்களில் வெளியிட்டார்கள். பார்த்தவர் பாராதவரிடம் சொல்ல, முந்நூறுக்கும் அதிகமான தியேட்டர்களுக்குப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலாயிற்று. போட்ட பணத்தைப் போல் ஆயிரம் மடங்கு!

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பாழடைந்த ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையம். அதற்குள், பிணங்கள் எழுந்து வந்து மனிதரைக் கடிக்கிற கதையை ஒரு சினிமாக் கோஷ்டி படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று நிஜப் பிணங்களே வந்துவிடுகின்றன! எல்லோரும் அலறி ஓட, டைரக்டர் மட்டும், "காமிரா நிற்காது!" என்று கர்ஜிக்கிறார். முதல் 37 நிமிஷம் இதுதான். நடுவில் வெட்டே கிடையாது, ஒரே ஷாட்.

உள்ளதைச் சொன்னால், அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பேச்சற்று விழிக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் காரணமில்லாமல் வெளியே ஓடுகிறார். 'காசில்லாத படம் வேறு எப்படி இருக்கும்?' என்று எழுந்துவிடத் தோன்றும். எழுந்துவிடாதீர்கள்!

இனி வருவது படத்தின் ரகசியம். தெரியாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதை ஒரு மாதம் பின்னால் போகிறது. நாம் பார்த்தது, டெலிவிஷனில் ஒரே ஷாட்டில் நேரடியாக ஒளிபரப்பான நாடகம்! அதற்கு அகப்பட்ட டைரக்டர் ஹிகுராஷி. சீக்கிரம், மலிவு, தரம் சுமார் - இதுதான் அவர் கொள்கை. மனைவி ஹரூமி முன்னாள் நடிகை. வேஷம் கட்டினால் தன்னையே மறந்து எதிராளியை நிஜமாக உதைத்துவிடுகிறவள். மகள் மாவோவுக்கோ, அப்பாவின் தொழிலில் கொஞ்சமும் மதிப்பில்லை. ஒளிபரப்பு நாளன்று இரண்டு நடிகர்கள் விபத்தில் சிக்கி வராமல் போக, கணவனும் மனைவியுமே வேஷம் கட்ட நேர்கிறது.

பிறகு அதே 37 நிமிஷத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து காட்டுகிறார்கள். ஒலிப்பதிவாளர் ஏன் ஓடினார்? பாவம், வயிற்றுக் கோளாறு! மற்றவர்கள் ஏன் விழித்தார்கள்? அடுத்து வரவேண்டிய 'பிணம்' குடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கிறது!

கல்யாணப் பந்தியில், "ரசம் வர இத்தனை நேரமா?" என்று முணுமுணுக்கிறோம். உள்ளே கோட்டை அடுப்பு அணைந்துபோய், பரிசாரகர் கையைச் சுட்டுக்கொண்டு, வீட்டு அம்மாளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டி பிடித்த கதை பந்திக்குத் தெரியுமா? தெரிந்தால் அந்த ரசத்தின் ருசியே வேறாகிவிடும். இந்தப் படமும் அப்படித்தான். முதலில் குற்றம் கண்டு ஏளனமாகச் சிரித்தோம். அதே இடங்களில் இப்போது அவர்களோடு சேர்ந்து நின்று வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். பிணம் கடிக்குமோ என்ற பயம் போய், 'ஒளிபரப்பு நின்றுவிடுமோ!' என்ற பயம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. பணத்தைக் கொட்டி எடுத்த படத்தில் குறை தெரிந்தால், அது குறைதான். இங்கே குறைதான் கதையே.

கடைசிக் காட்சியை உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். கிரேன் விழுந்து நொறுங்கிவிட்டது. 'போகட்டும், விட்டுவிடலாம்' என்கிறார்கள் மேலிடத்தார். அப்போது மாவோ, அப்பாவின் வசன நோட்டில் ஒட்டியிருந்த ஒரு பழைய போட்டோவைப் பார்க்கிறாள். குழந்தையாக அவள் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் படம்! அவ்வளவுதான். நடிகர், சிப்பந்தி என்ற பேதமில்லாமல் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறுகிறார்கள். உச்சியில் அப்பா, அப்பா தோளில் மகள், மகள் கையில் காமிரா. அந்த மனிதக் கோபுரம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கும்போது, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ரத்தச் சாயத்துக்கு மட்டும் சிக்கனமே கிடையாது. சின்னக் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள். வயது வந்த பெண் வீட்டில் இருந்தால், அவளையும் அவள் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள்!