வெள்ளைச் சுவரும் சுண்ணாம்புச் சூளையும்

லண்டன் விக்டோரியாவுல ரயில் ஏறி, லூயிஸ்ல மாறி, சீஃபோர்டுல இறங்கினோம். அங்கிருந்து கிழக்கால கடலோரமா நடந்தா செவன் சிஸ்டர்ஸ். வெள்ளை வெளேர்னு செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி முட்டி கழண்டு போச்சு :-)

சீஃபோர்டு ஹெட் பாறையில கிட்டிவேக் பறவைங்க கூடு கட்டியிருக்கு. நம்ம காக்கா மாதிரி தன் பேரைத் தானே கத்துற ஜாதி. ஒரு சாண் விளிம்பு போதும், சேறும் புல்லும் வெச்சு ஒட்டிடுது. ஃபுல்மார்னு இன்னொண்ணு. கிட்டப் போனா நாத்தம் பிடிச்ச எண்ணெயை மூஞ்சியில துப்புமாம். நாங்க போகலை.

இந்தப் பாறை வெள்ளையா இருக்கக் காரணமே அது இடிஞ்சுக்கிட்டே இருக்கறதுதான். அடியில அலை அரிக்குது, மேலே சரியுது, புது முகம் தெரியுது. சரிவது நின்னா செடிகொடி மூடிடும். பர்லிங் கேப்ல விளிம்பு நெருங்க நெருங்க பழைய கடலோரக் காவலர் வீடுகள் சிலதை இடிச்சே விட்டாங்க. அந்த இடம் நேஷனல் டிரஸ்ட் வசம். தடுப்புச் சுவர் கட்டாம கடல் போக்குக்கே விட்டிருக்காங்க.

கூட வந்த சென்னை நண்பன், "மாப்ள, நம்மூர்லயும் கல்லைக் கொட்டாம இப்படி விட்டுடணும்டா"ன்னான்.

இங்கதான் எனக்கு ஒத்துக்க முடியலை. நான் தூத்துக்குடிக்காரன். ராமேஸ்வரத்துக்கும் எங்க ஊருக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள். சுத்தி பவளப்பாறை, கடல்புல், அதை மேயற கடல்பசு. 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்ச பிறகும் பவளத்தை வெட்டி சூளையில சுட்டு சுண்ணாம்பாக்கினாங்க. 2001-லதான் பவளம் வனவிலங்குச் சட்டப் பட்டியல்ல ஏறிச்சு. அலையைத் தாங்கின அரண் போனதும் தீவுகள் கரைய ஆரம்பிச்சிடுச்சு. விலாங்குச்சல்லி இப்ப தண்ணிக்கடியில. காரியாச்சல்லி சுருங்கிப் போச்சு.

சஸ்ஸெக்ஸ்ல இடிக்கறது கடல். எங்க ஊர்ல இடிச்சது நாங்க. எங்க தாத்தா வீட்டுச் சுவர்ல அடிச்ச வெள்ளையே அந்தப் பவளமா இருக்கலாம். அதைச் செஞ்சுட்டு "இயற்கை போக்குல விடு"ன்னா, அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கற பேச்சு. 2015-லேர்ந்து வான் தீவைச் சுத்தி சிமெண்ட்ல செயற்கைப் பவளத்திட்டு இறக்கினாங்க. தீவு கரையறது மட்டுப்பட்டு, திட்டுல மீனும் சேர்ந்துச்சு. அதை மத்த தீவுகளுக்கும் செய்யணும்ங்கறதுதான் என் கட்சி.

கரையில கல்லைக் கொட்டறது வேற கதை. அதுல நண்பன் சொன்னது சரிதான். திரும்பி வர்ற ரயில்ல அதை மட்டும் அவன்கிட்ட ஒத்துக்கிட்டேன்.