வாரத்திற்கு 24 மணி நேரம்

கனடா தேசத்துச் சர்வகலாசாலைகளில் முழுநேரம் வாசிக்கும் அன்னிய தேசத்து மாணவர்கள், பாடம் நடக்கும் காலங்களில், கலாசாலைக்கு வெளியே வாரத்திற்கு 24 மணி நேரத்திற்கு மேல் கூலிவேலை செய்யலாகாதென்ற விதி 2024 நவம்பர் 8-ந் தேதி அமுலுக்கு வந்தது. அம்மாணவர்களில் இந்தியரே பெருந்தொகையினராதலால் இவ்விஷயம் நமக்குச் சம்பந்தமற்றதன்று. படிக்க வந்தவன் படிக்கட்டும் என்று அந்நாட்டு ராஜாங்கத்தார் சமாதானம் கூறினர். வாரமெல்லாம் கிடங்கிலும் உணவு விடுதியிலும் இரவு கண்விழிப்பவன் காலையில் வகுப்பில் உட்கார்ந்து எதைக் கிரகிப்பான்? வரம்பு ஒன்று வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் இவ்வரம்பின் பூர்வ சரித்திரத்தைச் சற்று நோக்க வேண்டும். முன்னர் 20 மணி நேரமே அனுமதி இருந்தது. 2022-ல் தொழில்களுக்கு ஆள் கிடைக்காமற் போகவே, அவ்வாண்டு நவம்பர் 15 முதல் வரம்பு தளர்த்தப்பட்டது. மாணவனுடைய படிப்பு கெடுமே என்ற கவலை அப்போது எங்கே போயிருந்தது? 2024 ஏப்ரல் 30-ல் அச்சலுகை முடிந்தது. அதற்குள் வீட்டு வாடகை ஏறி, குடியேற்றத்திற்கு விரோதமான கூச்சலும் வலுத்துவிட்டது. ஆள் வேண்டியபோது தொழிலாளி, வேண்டாதபோது மாணவன்!

இனி, கணக்கைப் பார்ப்போம். தனியாக வரும் மாணவன் ஓராண்டு ஜீவனத்திற்கு 20,635 கனேடிய டாலர் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டுமென்று 2024 ஜனவரியில் அவ்வரசாங்கமே விதித்தது. கலாசாலைச் சம்பளம் இதிற் சேராது. அவ்வாண்டு அக்டோபரில் ஒண்டாரியோ மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.20 டாலர். 24 மணி வீதம், வருஷத்தின் 52 வாரங்களிலும் நோய் நொடியின்றி உழைத்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 21,465 டாலரே. நீண்ட விடுமுறைகளில் வரம்பில்லை யென்பது மெய். அதனால் சிறிது கூடலாம். ஆயினும் சாப்பாட்டிற்கும் வாடகைக்குமே அது சரியாய்ப் போகிறது. உள்நாட்டு மாணவனைப் போலப் பன்மடங்கு சம்பளம் கட்ட வேண்டியவன் எங்கே போவான்? வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்து அனுப்பும் நம் பெற்றோரிடம், அங்கே பகுதி நேர வேலையிலேயே எல்லாம் கட்டிவிடலாம் என்று சொல்லும் தரகர்கள் இக்கணக்கைக் காட்டுவதில்லை.

ஆகவே, தேவை மிகுந்தவன் 25-வது மணியையும் வேலை செய்யத் துணிகிறான். அது கணக்கிலேறாத வேலை. விதித்த கூலிக்குக் குறைவாக ரொக்கமாய்க் கொடுக்கும் முதலாளி, சில சமயம் அதையும் கொடாமல் நிறுத்திக்கொண்டால், அவன் யாரிடம் முறையிடுவான்? முறையிடுவது தன் மீறுதலைத் தானே ஒப்புக்கொள்வதாகும். படிப்பதற்குள்ள அனுமதியே பறிபோகலாம். மாணவனைக் காப்பதற்கென்று ஏற்பட்ட விதி இங்கே அவனை ஏய்ப்பவனுக்குக் கவசமாகிறது. நாம் கண்டிப்பது இதனையே, வரம்பையன்று.

இதற்குப் பரிகாரமில்லாமலில்லை. ஆஸ்திரேலியாவிலும் மாணவர்க்கு 2023 ஜூலை முதல் இரு வாரங்களுக்கு 48 மணி நேரமென்ற வரம்பு உண்டு. எனினும், வேலையில் சுரண்டப்பட்டவர் முறையிட முன்வந்தால், விதியை மீறியிருந்தாலும் அனுமதியை இழக்காதிருக்கச் சில நிபந்தனைகளுடன் 2024 ஜூலையில் அங்கே பாதுகாப்பு செய்யப்பட்டது. கூலி வழக்கு வேறு, அனுமதி விவகாரம் வேறு என்று பிரித்ததே அதன் சாரம். டில்லி ராஜாங்கத்தார் ஒட்டாவாவுடன் வியாபாரத்தைப்பற்றிப் பேசும்போது, இந்த ஒரு பாதுகாப்பையும் கேட்டு வாங்குவார்களாக.