மார்த்தாவுக்கு மட்டும் ஏன் பைத்தியம்?

பேட்மேன் எப்படிப் பிறந்தான் என்பது 1939 முதல் சொல்லப்பட்டுவரும் கதை. வழிப்பறிக்காரன் ஒருவன் சிறுவன் புரூஸ் வெய்னின் கண்ணெதிரே அவன் பெற்றோரைச் சுட்டுக் கொல்கிறான். அந்தச் சிறுவன் வளர்ந்து பேட்மேன் ஆகிறான். 2011இல் டிசி காமிக்ஸ் வெளியிட்ட 'ஃப்ளாஷ்பாயிண்ட்' இதைத் திருப்பிப்போட்டது. அந்த மாற்று உலகில் சாவது மகன். பிழைத்திருப்பவர்கள் பெற்றோர்.

தந்தை தாமஸ் பேட்மேன் ஆகிறான். தாய் மார்த்தா ஜோக்கர் ஆகிறாள்.

அதே இரவு, அதே தெரு, அதே பிள்ளை. தந்தையின் துயரம் நகரைக் காக்கும் கடமையாகிறது. தாயின் துயரம் தன் முகத்தையே கிழித்துச் சிரிப்பாக்கிக்கொள்ளும் பித்தாகிறது. தாமஸ் ஒன்றும் புத்தன் அல்ல. அவனும் கொல்கிறான். ஆனால் அவன் கொலைகளுக்குக் காரணம் இருக்கிறது, அதைக் கேட்க வாசகர்கள் இருக்கிறார்கள். மார்த்தாவின் கொலைகளுக்கு இருப்பது நோய் மட்டுமே.

பிரையன் அஸரெல்லோ எழுதி எடுவார்டோ ரிஸ்ஸோ வரைந்த 'நைட் ஆஃப் வெஞ்சன்ஸ்' என்ற துணைத்தொடர் இவர்கள் இருவரின் கதை. உலகத்தைப் பழையபடி மாற்றினால் மகன் பிழைப்பான் என்று தாமஸ் சொல்கிறான். அங்கே நம் பிள்ளை என்னவாக இருப்பான் என்று மார்த்தா கேட்கிறாள். பேட்மேனாக என்று தெரிந்ததும் அலறி ஓடி, விழுந்து சாகிறாள். அந்தக் கதை முழுவதிலும் பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதைக் கேட்டவளைப் பைத்தியக்காரி என்று எழுதிவைத்துவிட்டுக் கொன்றுவிட்டார்கள். 'ஃப்ளாஷ்பாயிண்ட்' முடியும்போது தந்தை எழுதிய கடிதம் உலகம் தாண்டிப் போய் மகன் கையில் சேர்கிறது. தாயிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

"ஜோக்கராக ஒரு பெண்! அதுவே புரட்சிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பெண்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கெட்டவளாகவே இருக்கட்டும். அவள் கோபத்துக்கும் ஒரு நியாயத்தை யோசித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தொலைக்காட்சிக்கு வருவோம். 'தி ஃப்ளாஷ்' தொடரின் முதல் பருவத்து வில்லன் ஹாரிசன் வெல்ஸ் என்பவரின் முகத்தைத் திருடிக்கொண்டு வந்தவன். அடுத்த பருவத்தில் அதே முகத்தோடு வேறோர் உலகத்து வெல்ஸ் வருகிறான். மகளைக் காப்பாற்றுவதற்காக நாயகனுக்கே துரோகம் செய்கிறான், சீக்கிரமே மன்னிக்கப்படுகிறான். தந்தை அல்லவா! அதற்குப் பிறகும் புதிது புதிதாக வெல்ஸ்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 'ஆரோ' தொடரிலோ 2016இல் நல்லவளான லாரல் லான்ஸைக் கொன்றார்கள். சில வாரங்களிலேயே அவளுடைய மாற்று உலகப் பிரதியை 'பிளாக் சைரன்' என்ற வில்லியாக 'தி ஃப்ளாஷ்'இல் இறக்கினார்கள். தான் மனுஷிதான் என்று நிரூபிக்க அவளுக்குப் பல பருவங்கள் தேவைப்பட்டன.

வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும். 2021இல் வந்த 'லோகி' தொடரின் சில்வி, வில்லன் லோகியின் மாற்று உலகப் பெண் வடிவம். சிறுமியாக விளையாடிக்கொண்டிருந்தவளைக் காலத்தைக் காவல் காக்கும் அமைப்பு பிடித்துக்கொண்டு போகிறது. தப்பி ஓடி, அழியப்போகும் ஊர்களில் ஒளிந்து வளர்கிறாள். நான் செய்த குற்றம் என்ன என்று தன்னைப் பிடித்த அதிகாரியிடமே பின்னாளில் கேட்கிறாள். அந்த அதிகாரிக்கு நினைவில்லை. அந்த ஒரு காட்சி போதும். சில்வி அதற்குப் பிறகு எதை உடைத்தாலும் அவளைப் பைத்தியம் என்று நம்மால் சொல்ல முடியாது.

மாற்று உலகம் என்பது எழுத்தாளருக்குக் கிடைக்கும் முழுச் சுதந்திரம். வரலாற்றை மாற்றலாம், செத்தவரை எழுப்பலாம், ஒரு முதலையைக்கூட லோகி ஆக்கலாம். 'லோகி'யில் அதையும் செய்தார்கள். அவ்வளவு சுதந்திரம் கையில் இருந்தும், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைத் தெளிந்த புத்தியோடு கோபப்பட வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், அது கற்பனைப் பஞ்சம் அல்ல. இந்த உலகத்தில் பெண்ணின் கோபத்துக்கு என்ன பெயரோ, அதே பெயரை அங்கேயும் சுமந்துபோயிருக்கிறார்கள்.

மார்த்தா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் சாகாமல் நின்று பதில் கேட்கும் ஓர் உலகத்தை எழுதுங்கள். அவள் பேட்மேனாக இருந்தாலும் சரி, ஜோக்கராக இருந்தாலும் சரி.