பொருளற்றது என்று எழுதிய கை

சென்ற வாரம் எங்கள் ஆய்வறையில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலுக்கு அங்கேயே மறுமொழி சொல்லாமல் வந்துவிட்டேன். அம்மறுமொழியே இப்பதிவு. நீளமானது, பொறுத்தருள்க.

அறையில் எவரும் இல்லை என்றெண்ணி மடிக்கணினியில் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டிருந்தேன். உள்ளே வந்த ஆய்வாளர் ஒருவர், ‘இது எந்த மொழி?’ என்றார். எந்த மொழியும் அன்று என்றேன். ‘மொழியியல் படித்தவர், மொழியில்லாத பாட்டில் எதைக் கேட்கிறீர்கள்?’ என்றார், உடன் வந்தோர் நகைத்தனர். நகைப்பு எனக்குப் பொருட்டன்று. அவர்களுள் மூத்தவர் ஒருவர் நிதானமாகச் சொன்ன தீர்ப்புதான் உறுத்தியது. புரியாததை ரசிப்பதாகச் சொல்வது வர்க்கப் பாவனை. பாட்டு என்பது பனுவல். பனுவல் இல்லாத இடத்தில் ஆராய ஒன்றுமில்லை. இம்மூன்று கூற்றுகளில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது சோம்பல். மூன்றாவது தீங்கு விளைவிப்பது. அத்தீங்கை நானே செய்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முதுகலை படித்த காலத்தில் விடுதியில் இசைத்தொகுப்புகள் பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்குத் தாவிக்கொண்டிருக்கும். யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. அவ்வாறு என்னிடம் வந்து சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ராக் தொகுப்புகள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. ஆய்வுக்குள் நுழைந்த பின் அவற்றைக் கேட்பதை நிறுத்தினேன். நேரமின்மை காரணமன்று, வெட்கமே காரணம். களப்பணியும் அறிவுச்செல்வங்களின் அழிவும் பற்றிப் பேசும் அறையில், பாரிஸ் நகரத்து மேளக்காரர் ஒருவர் கற்பனைக் கோளின் மொழியில் பாடுவதை நான் விரும்பிக் கேட்கிறேன் என்று சொல்ல நாவெழவில்லை. இரு மாதங்களுக்கு முன் களப்பதிவு ஒன்றைத் தேடி அந்த ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். களப்பதிவு கிடைக்கவில்லை. விடியும்வரை பாட்டுக் கேட்டேன்.

முதலில் திறந்தது ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் வெளியிட்ட தொகுப்பு. அதற்குப் பெயரே இல்லை. அட்டையில் இருப்பவை இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே. எட்டுப் பாடல்களுக்கும் தலைப்பில்லை. உடன் வந்த கையேட்டின் தாள்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன, கேட்போர் தமக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளட்டும் என்று. நான்காம் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் நடுவே 36 நொடி மௌனம். தொகுப்பு முழுவதும் வோன்லென்ஸ்கா என்று அக்குழுவினர் அழைக்கும் ஒலிக்கோவையிலேயே பாடப்படுகிறது. ‘வோன்’ என்றால் ஐஸ்லாந்து மொழியில் நம்பிக்கை. இதில் சொற்கோவையும் இல்லை, இலக்கணமும் இல்லை. ஆனால் ஒலியமைப்பு உண்டு. எந்த மெய் எதன்பின் வரலாம், அசை எங்கே நீளலாம் என்னும் ஒழுங்கு ஐஸ்லாந்து மொழிக்கு அயலானதன்று. இருபத்திரண்டு வயதில் கேட்டபோது இது எனக்கு வெறும் பனிமூட்டமாக இருந்தது. ஒலியனியலைக் கற்பித்துத் திரும்பிய இவ்வயதில் கேட்கையில், மூட்டத்துக்குள் எலும்புக்கூடு தெரிந்தது. ஒரே ஒலித்தொடர் பாட்டுக்குப் பாட்டு சிறிது திரிந்து மீள்கிறது. உயிரொலி ஒன்று மாறும் இடத்தில் மனம் திடுக்கிடுகிறது. சொல்லே இல்லாத இடத்தில் வேறுபாடு மட்டும் வேலை செய்கிறது. சொசூரைப் பாடமாகப் படித்த நமக்கு இது வியப்பளிக்கக் கூடாது.

ஒலிக்கே இந்த ஒழுங்கு என்றால், அதை ‘உளறல்’ என்று ஒதுக்குவோரிடம் வில்லியம் சாமரினைப் படிக்கச் சொல்வேன். கிறித்தவச் சபைகளில் பரவசத்தில் பேசப்படும் அந்நியபாடையை ஆராய்ந்து 1972இல் அவர் வெளியிட்ட நூல், இரு தரப்பினரின் வாயையும் அடைத்தது. அது தேவமொழியன்று, எந்த அறியாத மொழியும் அன்று. பேசுவோர் தத்தம் தாய்மொழியின் ஒலிகளிலிருந்து ஒரு சிறு தொகுதியைத் தேர்ந்து, ஓசையும் மீள்வரவும் கூட்டிப் படைப்பது என்று அவர் காட்டினார். ஆகவே அது ஒழுங்கற்ற இரைச்சலும் அன்று. சொற்பொருள் நீங்கிய பின்னும் மொழியில் மிஞ்சி நிற்பது என்ன என்பதற்கு இதைவிட நல்ல ஆய்வுக்களம் உண்டா?

மக்மா குழுவின் செய்தி வேறு. கிறிஸ்தியான் வாந்தே என்னும் மேளக்காரர் 1969இல் தொடங்கிய பிரெஞ்சுக் குழு அது. அழியப்போகும் பூமியை விட்டுக் கோபையா என்னும் கோளில் குடியேறுவோரின் கதையை, 1970இல் வந்த இரட்டைத் தட்டுத் தொகுப்பிலிருந்து தொடர்ந்து பாடி வருகின்றனர். பாடும் மொழி கோபையன். ஜெர்மானிய, ஸ்லாவிய ஒலிகளை ஒத்த கடுமையான மெய்கள் நிறைந்தது. எழுத்துகளின் தலையில் எல்லாம் புள்ளிகள். இதற்குச் சொற்கள் உண்டு, பொருளும் ஓரளவுக்கு உண்டு. ரசிகர்கள் அகராதி தொகுக்கிறார்கள். (அகராதி தொகுக்கும் ரசிகனைப் போல் அலுப்பூட்டும் உயிர் வேறில்லை, நான் அறிவேன், விடுதியில் ஓராண்டு நானே அவ்வாறு இருந்தேன்.) 1973இல் வந்த மூன்றாம் தொகுப்பை மீண்டும் கேட்டபோது, அதன் அணிவகுப்புத் தாளம் இளமையில் அளித்த கிளர்ச்சிக்குப் பதில் சற்று அச்சத்தையே அளித்தது. பெருங்குழு ஒன்று ஒரே குரலில் முழங்குவதை நம் நாட்டில் இன்று கவலையின்றிக் கேட்க இயலவில்லை. பிடித்த தொகுப்புகள் யாவும் திரும்பக் கேட்கையில் உயர்ந்து நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவ்வச்சத்தை எனக்குத் தந்தவை சொற்களல்ல, ஒலிகளும் அடிகளுமே. பனுவலைத் தேடிச் செல்வோர் இதை எங்கே பிடிப்பர்?

வர்க்கப் பாவனை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பாதி உண்மை என்றேன். நல்ல ஹெட்ஃபோனும் ஆங்கிலக் கல்வியும் வாய்த்த விடுதிகளில்தான் இத்தொகுப்புகள் சுற்றின. புரியாத ஒன்றைக் கேட்பதே தகுதிச் சான்றாக நடத்தப்பட்டதையும் கண்டிருக்கிறேன். ஆனால் புரியாததை விரும்புவதே பாவனை என்றால், இதே வளாகங்களில் ஆண்டுதோறும் ஆயிரம் குரல்கள் சேர்ந்து பாடும் ‘கண்டிசா’வை என்ன செய்வது? டெல்லியின் இந்தியன் ஓஷன் குழு 2000இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்புப் பாடல் அது. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் தலைமுறைகளாக வழிபாட்டில் பாடிவரும் சிரியாக் மொழி வேண்டுதல் அதற்கு அடிப்படை. பாடியவர்களுள் ஒருவரான அசீம் சக்கரவர்த்தி 2009இல் மறைந்தார். மாணவர் கூட்டங்களில் கித்தார் ஒன்று கிடைத்துவிட்டால் இன்றும் அப்பாட்டு எழுகிறது. பாடுவோரில் அரமேயக் கிளைமொழி அறிந்தவர் எவரும் இருப்பதாக நான் கண்டதில்லை. ‘தூய’ என்னும் பொருளுடைய சொல்லே அதன் முதற்சொல் என்பதும் பலருக்குத் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து வந்தவரும் கோரக்பூரிலிருந்து வந்தவரும் ஒன்றாகப் பாடுகிறார்கள். அதைப் பாவனை என்று எந்த மூத்தவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒருவேளை அது ‘நம்முடையது’ என்பதாலோ? அப்படியானால் எதிர்ப்பு புரியாமைக்கு எதிரானதன்று. வெள்ளையரின் புரியாமைக்கு மட்டும் எதிரானது. அதை அப்படியே சொல்லிவிடலாம், வாதம் சுருங்கும்.

பாட்டு என்பது பனுவல் என்ற கூற்று சோம்பலிலிருந்து பிறக்கிறது. பண்பாட்டு ஆய்வுத் துறைகளில் இசை குறித்து வரும் ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். பாடல் வரி மேற்கோள், அதன்கீழ் ஒரு கோட்பாட்டாளர், மீண்டும் வரி. ராபர்ட் வயட் 1974இல் வெளியிட்ட ‘ராக் பாட்டம்’ தொகுப்பை எடுத்துக்கொள்வோம். மேளக்காரரான அவர் 1973 ஜூனில் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பின் வந்த தொகுப்பு என்பதால் ஒவ்வொரு வரியையும் விபத்தின் சான்றாகப் படிப்பது வழக்கமாயிற்று. ஆனால் அப்பாடல்களில் பெரும்பகுதியை விபத்துக்கு முன்பே, வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோதே தொடங்கிவிட்டதாக வயட்டே கூறியிருக்கிறார். வரிகளை நம்பிச் சென்றவர்கள் தவறான வீட்டில் இழவு கேட்டனர். அத்தொகுப்பின் நடுவே, தம் துணைவியின் செல்லப்பெயரைச் சுற்றி அவர் பாடும் இரு பாடல்களில் சொற்கள் கரைந்து மழலையாகின்றன. முன்னதில் மூச்சொலியே தாளமாகிறது. தொகுப்பு வெளியான நாளிலேயே அவர்கள் மணம் புரிந்துகொண்டனர். அந்த மழலைக்குப் பொழிப்புரை எழுத முடியாது. ஆனால் அது எதைச் செய்கிறது என்று தெரியாதவர் எவரும் இரார். நேற்றிரவு மூன்றாம் முறை கேட்டேன். இன்னும் இரண்டு பத்தி எழுதலாம் அதைப் பற்றி, விட்டுவிடுகிறேன்.

நம் இலக்கணத்துக்கே இது புதிதன்று. எல்லாச் சொற்களும் பொருள் குறிப்பன என்று வரையறுத்த தொல்காப்பியரே, இடையியலில் அசைநிலைக்கும் இசைநிறைக்கும் இடம் ஒதுக்கினார். பொருள் தராது இசையை நிறைக்க மட்டும் நிற்கும் சொல்லை அவர் பிழை என்று தள்ளவில்லை, பெயரிட்டு வகைப்படுத்தினார். ஓசை குன்றாதிருக்க உயிர் நீள்வதற்கு அளபெடை என்று கணக்கு வைத்தவர்கள் நாம். தாலாட்டின் ஆராரோவுக்குச் சொற்பிறப்பு தேடிக் குழந்தையை எழுப்பிவிட்ட தாய் எவரும் இல்லை. சாமவேதம் ஓதுவோர் இடையிடையே சேர்க்கும் ஸ்தோப அசைகளையும் கேரளத்துப் பாஞ்சாளில் 1975இல் நடந்த வேள்வியையும் முன்வைத்து, சடங்கில் விதி உண்டு, பொருள் இல்லை என்று 1989இல் ஃபிரிட்ஸ் ஸ்டால் நூலெழுதியபோது சமயவியலார் சினந்தனர். எனக்கும் அவர் முடிவு முற்றும் உடன்பாடன்று. ஆயினும் அவ்வசைகளை அவர் காது கொடுத்துக் கேட்டார், எண்ணினார், பதிந்தார்.

நான் அதைச் செய்யவில்லை. என் ஆய்வு கோண்டிப் பாடல்கள் குறித்தது. ‘ரேலா’ என்னும் ஒலித்தொடர் மீண்டும் மீண்டும் வருவதால் ரேலாப் பாட்டு என்றே வழங்கப்படும் பாடல்கள் அவற்றுள் உண்டு. அண்டைமொழியான தெலுங்கில் ரேல என்பது கொன்றை. இரண்டையும் இணைத்துச் சொல்வோர் உள்ளனர். என் முதல் களப்பணியில் மூதாட்டி ஒருவர் பாடியதைப் பதிந்து, திரும்பி வந்து வரிவரியாகப் படியெடுத்தேன். மேல்வரியில் ஒலி, நடுவரியில் உருபன், கீழ்வரியில் பொருள். ரேலா வந்த இடங்களில் எல்லாம் ‘பொருளற்ற அசை, மீள்வருவது’ என்று ஒருமுறை குறித்துவிட்டு, அடுத்த வரிக்குத் தாவினேன். எவரும் கேள்வி கேட்கவில்லை. மாதிரிப் படிவமே அப்படித்தான் அமைந்திருந்தது.

சிகுர் ரோஸைக் கேட்ட மறுநாள் அந்த ஒலிப்பதிவைத் தேடி எடுத்தேன். 41 நிமிடம். கடிகாரம் வைத்துக் கணக்கிட்டேன்: நான் படியெடுத்திருந்தது 17 நிமிடம். எஞ்சிய 24 நிமிடமும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் உயிர் வேறாக நீள்கிறது. மூன்றாம் சுற்றில் லகரத்துக்கு முன் ஒரு சிறு மூச்சு. இறந்த மகனைப் பற்றிய கண்ணிக்குப் பின் அத்தொடர் பாதியில் அறுந்து, பிறகு தாழ்ந்த சுருதியில் தொடர்கிறது. அவ்விடத்தில் என் தாளில் இருப்பது மூன்று புள்ளிகள். அவ்வளவே.

கடந்த மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். அப்பாட்டை அவ்வாறு பாடும் வேறொருவரை இதுவரை நான் கண்டதில்லை. ஆவணக்காப்பகத்துக்கு நான் ஒப்படைத்த பிரதியில் அவருடைய 24 நிமிடங்கள் ஒரே ஒரு குறிப்பாகச் சுருங்கிக் கிடக்கின்றன. பனுவல் இல்லையேல் ஆராய ஒன்றுமில்லை என்று சொன்னவரிடம் எனக்குச் சினம் இல்லை. அவர் வாயால் சொன்னதை நான் கையால் எழுதியிருக்கிறேன்.

திருத்திய படியெடுப்பைத் தொடங்கியிருக்கிறேன். ரேலாவுக்குக் கீழ்வரியில் பொருள் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, மேல்வரியில் நீளத்தையும் சுருதியையும் மூச்சையும் முழுமையாகக் குறிக்கிறேன். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதி தள்ளிப்போகும் என்று நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். ‘பொருள் இல்லாததற்கா?’ என்று கேட்டார். ஹெட்ஃபோனை அவரிடம் நீட்டினேன். ஆறாம் நிமிடத்தில் கழற்றுவார் என்று நினைத்தேன். பதினோராம் நிமிடத்தில் என்னைப் பார்த்து, அறுந்த அந்த இடத்தை மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார்.