தாலிக்கு தங்கம் போச்சு... மாசம் ஆயிரம் வந்துச்சு! திண்டுக்கல் குடும்பங்களில் தீராத பிள்ளை கணக்கு

திண்டுக்கல்:

பெண் பிள்ளைக்கு அரசு தரும் பணம் ஒரு காலத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தது. 2022-ல் அது காலேஜ் வாசலுக்கு மாறியது. இந்த இடமாற்றத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற பேச்சு நாகல்நகர் தெருக்களிலும், வேடசந்தூர் மில் வேன்களிலும் இன்னும் ஓயவில்லை.

லாபம் என்பவர்களும் பொய் சொல்லவில்லை. நஷ்டம் என்பவர்களும் பொய் சொல்லவில்லை. எந்த வீட்டு பொண்ணு, எத்தனை வகுப்பு, எந்த ஸ்கூல் என்பதை பொறுத்து கணக்கு தலைகீழாக மாறுகிறது.

ஒரு பவுன் எங்கே?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் 1989-ல் தொடங்கியது. அப்போது கொடுத்தது 5 ஆயிரம் ரூபாய். பெண்ணை 8-ம் வகுப்பு வரையாவது படிக்க வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு அது 10-ம் வகுப்பு ஆனது.

2011-ல் பணத்தோடு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. மக்கள் வாயில் 'தாலிக்கு தங்கம்' என்ற பெயரே நிலைத்து விட்டது. 2016-ல் தங்கம் 8 கிராம் ஆனது. அதாவது முழுசாக ஒரு பவுன். 10-ம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 25 ஆயிரம் ரூபாயும் ஒரு பவுனும், பட்டம் அல்லது டிப்ளமோ முடித்த பெண்ணுக்கு 50 ஆயிரம் ரூபாயும் ஒரு பவுனும் கிடைத்தன.

2022 மார்ச் பட்ஜெட்டில் இந்த திட்டம் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி 'புதுமைப் பெண்' என்ற பெயரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேரும் மாணவிக்கு படிப்பு முடியும் வரை மாதம் ஆயிரம் ரூபாய். கணவரை இழந்த ஏழைத் தாயின் மகளுக்கான திருமண உதவி போன்ற மற்ற திருமண திட்டங்கள் அப்போது நிறுத்தப்படவில்லை. இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விட்ட வீடுகளும் உண்டு.

பேப்பரில் கணக்கு போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். 3 வருட டிகிரிக்கு மாதம் ஆயிரம் வீதம் மொத்தம் 36 ஆயிரம். பழைய திட்டப்படி அதே பெண்ணுக்கு 50 ஆயிரமும் ஒரு பவுனும். 2016-ல் ஒரு பவுன் 25 ஆயிரத்துக்குள் இருந்தது. 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தை தாண்டி விட்டது. 'ஒரு பவுன் போச்சே' என்ற புலம்பல் வெறும் பேராசை இல்லை.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய திட்டம் குடும்பத்துக்கு ஒரு பெண்ணுக்கு மட்டும்தான். வருமான வரம்பும் இருந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் வீட்டில் 3 பெண்கள் படித்தால் 3 பேருக்கும் உண்டு, வருமான வரம்பும் வைக்கவில்லை. மூன்று மகள்களை பெற்ற வீட்டுக்கு 3 டிகிரியும் முடிந்தால் 1 லட்சத்து 8 ஆயிரம். போதாக்குறைக்கு பழைய திட்டத்தில் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்த காலமும் உண்டு. கல்யாணம் முடிந்து, பேரன் பிறந்த பிறகு தாலிக்கு தங்கம் வாங்கிய கூத்தும் நடந்தது.

மில் வேனில் ஏறிய பொண்ணு

நிஜமாகவே நஷ்டப்பட்டது யார்? 10-ம் வகுப்போ, பிளஸ்-2வோ முடித்து விட்டு காலேஜ் போகாமல் மில்லுக்கு போன பெண்தான்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் வட்டாரங்களில் நூற்பாலைகள் ஏராளம். கிராமம் கிராமமாக வேன் போய் பெண்களை ஏற்றி வருவது இங்கே அன்றாட காட்சி. 3 வருடம் மில்லில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் 30 ஆயிரம், 50 ஆயிரம் என மொத்தமாக கொடுக்கிறோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஆள் சேர்த்த 'சுமங்கலி' முறை 2000-களில் பெரிய சர்ச்சை ஆனது. மொத்தப் பணம் கைக்கு வரும் முன்பே உடம்பு கெட்டு வீடு திரும்பியவர்கள் பலர்.

அந்த பெண்களுக்கு பழைய திட்டத்தில் ஒரு பிடிமானம் இருந்தது. 10-ம் வகுப்பு பாஸ் என்றால் போதும், மில்லில் சம்பாதித்ததோடு அரசின் 25 ஆயிரமும், ஒரு பவுனும் சேர்ந்து கல்யாணம் நடக்கும். 2022-க்கு பிறகு அதே பெண் காலேஜ் சேராவிட்டால் இந்த கணக்கில் அவளுக்கு பூஜ்யம்.

"அப்போ காலேஜ் சேர்க்க வேண்டியதுதானே" என்று சொல்வது சுலபம். தினக்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 26 நாள் மில்லுக்கு போனால் 10 ஆயிரத்து 400 ரூபாய். காலேஜ் போனால் ஆயிரம். நடுவில் இருக்கும் 9 ஆயிரத்து 400 ரூபாயை அப்பா, அம்மா விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் 3 வருடத்துக்கு. தலைக்கு மேல் கடன் இருக்கும் வீட்டில் இந்த ஆயிரம் அந்த பெண்ணை வேனில் இருந்து இறக்கி விடாது.

கடன் கழுத்தை நெரிக்காத வீட்டில் கதை வேறு. மில்லா, காலேஜா என்று ஊசலாடும் வீட்டில் அந்த ஆயிரம் தராசை சாய்த்து விடுகிறது. திண்டுக்கல் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரி, நிலக்கோட்டை அரசு மகளிர் கல்லூரி, வேடசந்தூர் அரசு கல்லூரி என்று பக்கத்திலேயே அரசு காலேஜ்கள் இருப்பதால் பீஸ் பயமும் குறைவு. 2021 மே மாதம் டவுன் பஸ்சில் பெண்களுக்கு இலவசம் வந்த பிறகு பஸ் காசும் மிச்சம். பரீட்சை பீஸ், ரெக்கார்டு நோட்டு, செல்போன் ரீசார்ஜ் இவற்றை ஆயிரம் ரூபாய் தாங்கும்.

இன்னொரு விஷயம். இந்த பணம் மாணவி பெயரில் உள்ள கணக்குக்கு போனது. ஏ.டி.எம். கார்டு பொண்ணு கையில். "அப்பாவுக்கு ஒரு ஐநூறு எடுத்து குடும்மா" என்று கேட்டு வாங்கும் நிலை பல வீடுகளுக்கு புதுசு. பையன்களுக்கும் 2024 ஆகஸ்டு 9-ந்தேதி 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் வந்தது. அதுவும் மாதம் ஆயிரம்தான். பொண்ணு ஆயிரத்தில் வீட்டுக்கு கொஞ்சம் தருவாள், பையன் ஆயிரம் என்ன ஆகும் என்று தாய்மார்களை கேட்டால் சிரிப்பார்கள்!

முடிவாவது 6-ம் வகுப்பில்

காலேஜ் பணத்தின் கதி 17 வயதில் முடிவாகவில்லை. 11 வயதிலேயே முடிவாகி விடுகிறது. பல பெற்றோர் கோட்டை விடும் இடம் இதுதான்.

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலீஷ் மீடியம் ஆசையில் கடன் வாங்கி 6, 7, 8-ம் வகுப்புகளை தனியார் பள்ளியில் படிக்க வைத்து, கட்டுப்படியாகாமல் 9-ம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றிய வீடுகள் டவுனில் நிறைய. அவர்களுக்கு பீஸ் கட்டியதும் நஷ்டம், பின்னால் வரும் ஆயிரமும் நஷ்டம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட இடஒதுக்கீட்டில் 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகள் 2024 டிசம்பர் 30-ந்தேதி சேர்க்கப்பட்டனர்.

பிரசவப் பணம் தள்ளிப் போனது

பிள்ளை பிறக்கும் முன்பே தொடங்கும் இன்னொரு கணக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2006-ல் 6 ஆயிரம், 2011-ல் 12 ஆயிரம், 2018-ல் 18 ஆயிரம் என்று ஏறியது. 18 ஆயிரத்தில் ரொக்கம் 14 ஆயிரம். மீதி 4 ஆயிரத்துக்கு சத்துப் பொருட்கள் அடங்கிய பெட்டகம்.

முன்பு ரொக்கம் 5 தவணையாக வந்தது. அதில் ஒரு தவணை, 4 ஆயிரம் ரூபாய், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனதும் வருவது. 2024-ல் தவணைகள் மூன்றாக குறைக்கப்பட்டன. கர்ப்பத்தின் 4-வது மாதம் 6 ஆயிரம், குழந்தைக்கு 4 மாதம் ஆனதும் 6 ஆயிரம், 9-வது மாதம் 2 ஆயிரம். மொத்தத் தொகையில் ஒரு ரூபாய் கூட குறையவில்லை. ஆனால் பிரசவ நேரத்துக்கு என்று இருந்த தவணை போய் விட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு பணம் கட்ட வேண்டாம். வீட்டுக்கு கொண்டு வந்து விட 102 வண்டியும் உண்டு. ஆனால் துணைக்கு இருக்கும் அம்மாவுக்கு கூலி போகிறது, சாப்பாட்டு செலவு, ஆட்டோ, குழந்தைக்கு துணிமணி, வந்து பார்ப்பவர்களுக்கு காபி. பணம் தேவைப்படும் அந்த ஒரு வாரத்தில் கையில் இருப்பது 5 மாதத்துக்கு முன்பு வந்த 6 ஆயிரத்தில் மிச்சம் மீதிதான். அது அதற்குள் சீட்டுக்கோ, வாடகைக்கோ போயிருந்தால், வட்டிக்குத்தான் ஓட வேண்டும். 4-வது மாத பணத்தில் 2 ஆயிரத்தையாவது தபால் ஆபீசில் தொடாமல் போட்டு வைப்பது கெட்டிக்கார மாமியார்களின் வழி.

பணம் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். கல்யாணமாகி வந்த பெண்ணின் ஆதார், தாய் வீட்டு ஊரில் எப்போதோ திறந்த பழைய கணக்கோடு இணைந்திருக்கும். கையில் உள்ள பாஸ்புக்கோ புகுந்த வீட்டு ஊர் பேங்க். 'பணம் வரலை' என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சோடு சண்டை போட்டு விட்டு, கடைசியில் பார்த்தால் அது பழைய கணக்கில் தூங்கிக் கொண்டிருக்கும்.

15-ந்தேதி படுத்தும் பாடு

குடும்பத் தலைவிகளுக்கான கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. பெயர் மகளிர் தொகை என்றாலும், பாதிக்கு மேல் பிள்ளைகள் செலவுக்குத்தான் போகும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த ரகசியம்.

முதல் மாதமே ஒரு கலாட்டா. குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கடன் பாக்கி என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்திலேயே கை வைத்தன. அப்படி பிடிக்கக்கூடாது என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்கை விட வேண்டி வந்தது. அதிலிருந்து பாடம் கற்ற பெண்கள், கடன் இருக்கும் பேங்கில் இந்த பணத்தை நிற்க விடுவதில்லை. வந்த அன்றே எடுத்து விடுகிறார்கள்.

எடுத்த பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. குழு லோன் தவணை 15-ந்தேதியை ஒட்டி வந்தால், ஆயிரம் வந்த வேகத்தில் தவணைக்கு போய் விடும். தவணை மாதத் தொடக்கத்தில் இருக்கும் வீட்டில் அந்த பணம் நோட்டு, பேனா, பால் என்று பிள்ளைகளிடம் போய் சேர்கிறது. ஒரே தொகை, ஒரே தெரு. தேதிதான் வித்தியாசம்.

நிலக்கோட்டை பக்கம் பூப்பறிக்கும் பெண்களுக்கு இந்த நிலையான ஆயிரத்தின் அருமை அதிகம் தெரியும். மார்கழி, தை பனியில் மல்லிகை வரத்து குறையும். மார்க்கெட்டில் பூ விலை எகிறும், ஆனால் கிலோ கணக்கில் பறிப்பவருக்கு கூலி விழுந்து விடும். ஊரே பூ விலையை பார்த்து வாயை பிளக்கும் மாதத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு மந்தமாக எரியும்.

காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25-ந்தேதி எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடியலில் வேலைக்கு கிளம்பும் தாய்க்கு இது பணத்தை விட பெரிய நிம்மதி. ஆனால் 5-ம் வகுப்போடு சரி. 6-ம் வகுப்புக்கு போன பிள்ளைக்கு காலை டிபன் செலவு மறுபடி வீட்டுத் தலையில்.

தகரப் பெட்டியில் தூங்கும் பத்திரம்

மாதப் பணம் பற்றிய பேச்சில் பலர் மறந்தே போனது, மொத்தமாக வர வேண்டிய இன்னொரு தொகையை. 1992-ல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் குழந்தை பெயரில் அரசு வைப்புத் தொகை போட்டது. 2011 ஆகஸ்டுக்கு முன்பு ஒரே பெண் குழந்தை என்றால் 22 ஆயிரத்து 200 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் ஆளுக்கு 15 ஆயிரத்து 200 ரூபாய். அதன்பிறகு அது 50 ஆயிரம், 25 ஆயிரம் என்று உயர்ந்தது. ஆண் வாரிசு இல்லாமல், பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்பது முக்கிய விதி.

பெண்ணுக்கு 18 வயது முடிந்து, 10-ம் வகுப்பு பொதுத்தேர்வும் எழுதியிருந்தால் வட்டியோடு பணம் கிடைக்கும். மில்லுக்கு போன பெண்ணுக்கும் இதில் பங்கு உண்டு, காலேஜ் போயிருக்க வேண்டும் என்ற விதி இல்லை. 2008-ல் பிறந்த பெண்ணுக்கு 2026-ல் 18 வயது. கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இவற்றோடு தகரப் பெட்டியில் கிடக்கும் அந்த பத்திரத்தை தேடி எடுத்து, 10-ம் வகுப்பு மார்க் ஷீட், பெண் பெயரில் உள்ள பேங்க் பாஸ்புக் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள சமூக நலத்துறையில் கொடுக்க வேண்டும்.